மிதவையா, வள்ளமா? நெல்லைச் சீமையில் முதல் படகு வாங்குகிறவர்களுக்கு

நாங்குநேரிப் பக்கம் ஒரு குளத்துக்கு மீன்பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கும் உரிமை, எடுத்த என் மூத்த மச்சான், போன தை மாதம் ஒரு ராத்திரி போன் செய்தார். "மாப்ள, எட்டு டிரம்மைக் கட்டி மிதவை போட்டுரவா? இல்ல, உவரியில ஒரு பழைய ஃபைபர் வள்ளம் விலைக்கு நிக்கி, அத எடுக்கவா?"

"சித்திரை மாசம் அந்தக் குளத்துல எவ்வளவு தண்ணி கிடக்கும்?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "அதக் கேட்டுட்டு வாங்க, அப்புறம் படகப் பேசுவோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உவரிக்கும் கூட்டப்புளிக்கும் நடுவே உள்ள கரைகளில் பதினைந்து வருடமாக ஃபைபர் படகுகளுக்கு, அதாவது வள்ளங்களுக்கு, ஒட்டுப் போட்டுப் பிழைக்கிறேன். புதிதாகப் படகு வாங்குகிறவர்கள் பலர் முதலில் படகைப் பிடித்துப்போய் வாங்கிவிடுகிறார்கள், தண்ணீரை அப்புறம்தான் பார்க்கிறார்கள். படகு ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். தண்ணீரைத் தெரிந்துகொள்ள ஒரு வருடத்தின் நல்ல மாதமும் கெட்ட மாதமும் வேண்டும். அதனால் இந்தக் கட்டுரையில் படகு இரண்டாவதாகத்தான் வரும்.

முதல் படி: தண்ணீரைப் பாருங்கள்

நம் சீமையில் தண்ணீர் மூன்று விதம்: குளம், அணை, கடல். ஒன்றுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்கு ஆகாது.

குளத்தை எடுத்துக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து மறுகால் பாயும் (உபரித் தண்ணீர் வழிந்தோடும்) குளம், பங்குனி கடந்தால் நடுவில் முழங்கால் அளவுக்கு வந்துவிடும். நீங்கள் படகு பார்க்கப் போகும் தை மாதத்தில் அது கடல் மாதிரி கிடக்கும். அதை நம்பக் கூடாது. மடை திறந்து மூடுகிறவர் யாரென்று விசாரித்து அவரிடம் கேளுங்கள். எந்த மாதம் எந்த இடத்தில் தரை தெரியும் என்று அவருக்கு அத்துபடியாக இருக்கும். பிறகு ஒரு நீளமான மூங்கில் கழியில் அரை அடிக்கு ஒரு கோடு போட்டு, குளம் தெரிந்த ஒருவரோடு போய் நீங்களே நாலு இடத்தில் குத்திப் பாருங்கள். கழியின் நுனி எதில் முட்டுகிறது என்பதும் முக்கியம். சகதியா, கல்லா, வெட்டிப்போட்ட கருவேல மரத்தின் அடிக்கட்டையா? நம் குளங்கள் பலவற்றில் உள்ளே கருவேலம் வளர்த்து வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டை தண்ணீருக்கு ஒரு சாண் கீழே நின்றால் மேலே இருந்து தெரியாது, படகின் அடிவயிற்றைக் கிழித்துவிடும்.

அமலைச் செடி, அதாவது ஆகாயத்தாமரை, எவ்வளவு கிடக்கிறது என்றும் பாருங்கள். கால்வாசிக் குளம் அமலை மூடிக் கிடந்தால் என்ஜின் என்ற பேச்சையே விட்டுவிடலாம், காற்றாடியில் சுற்றிக்கொண்டு நின்றுவிடும்.

அடுத்தது காற்று. வெளியூரில் எழுதிய படகுக் கட்டுரைகளில் இதைப் பற்றி அவ்வளவாக இருக்காது. ஆனி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வரும் மேல்காற்று பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் பக்கத்தை என்ன பாடுபடுத்தும் என்பதற்கு அங்கே நிற்கிற காற்றாலைகளே சாட்சி. தட்டையான மேடையும் அதற்கு மேல் கூரையும் உள்ள மிதவை அந்தக் காற்றில் பாய் விரித்த மாதிரி ஓடும். துடுப்புப் போட்டுத் திரும்ப முடியாது, கிழக்கே உள்ள கீழ்க்கரையில் கொண்டுபோய் ஒதுக்கிவிடும்.

அணைகளைப் பற்றி நீட்டுவதற்கு இல்லை. பாபநாசம், சேர்வலாறு அணைகள் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன, மணிமுத்தாறும் அந்தக் காட்டை ஒட்டித்தான். வனத்துறையும் நீர்வளத்துறையும் எழுத்தில் அனுமதி தராமல் தனியார் படகு எதையும் அங்கே இறக்க நினைக்க வேண்டாம். கூந்தன்குளமும் அப்படித்தான். வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்குகிற சரணாலயம் அது. அங்கே படகுப் பேச்சே கூடாது.

கடல் என்றால் மிதவையை இந்த இடத்திலேயே மறந்துவிடுங்கள். நம் மாவட்டக் கடற்கரை 50 கிலோமீட்டருக்குள்தான். சில ஊர்களில் தூண்டில் வளைவு, அதாவது அலையைத் தடுக்கும் கல் தடுப்பு, உண்டு, மற்ற இடங்களில் அலையை நேருக்கு நேர் முட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும், ஏற வேண்டும்.

"கட்டுமரமும் ஒரு மிதவைதானே, அது கடலில் போகிறதே?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. கட்டுமரத்தில் மரங்களை நெருக்கி வைத்துக் கயிற்றால் கட்டியிருக்கும். மேலே மேடை கிடையாது, உள்ளே பள்ளம் கிடையாது. அலை ஏறி வந்தால் மரத்தின் மேலே புரண்டு இடுக்கு வழியாக வழிந்து போய்விடும். தண்ணீர் தங்க இடமே இல்லை. கவிழ்ந்தாலும் மரம் மிதக்கும், புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். டிரம் மிதவையில் மேடை தண்ணீருக்கு ஒரு அடி மேலே நிற்கிறது. இரண்டு வரிசை டிரம்முக்கு நடுவே பெரிய இடைவெளி. அலை அந்த இடைவெளிக்குள் புகுந்து மேடையை அடியிலிருந்து அறையும். ஒரு வரிசை அலையின் முதுகிலும் மற்ற வரிசை பள்ளத்திலும் இருக்கும்போது சட்டம் முறுக்கிக்கொள்ளும், போல்ட் அறுந்துவிடும். இரண்டும் மிதக்கின்றன என்பதைத் தவிர, அலைக்கு முன்னால் அவை ஒன்றுக்கொன்று உறவில்லை.

அமெரிக்காவில் மின்னசோட்டா என்ற ஏரிகள் நிறைந்த மாநிலத்தில், 1950களின் தொடக்கத்தில், இரண்டு வரிசை இரும்பு டிரம்மின் மேல் மரமேடை போட்டதிலிருந்துதான் இன்று யூடியூபில் பார்க்கிற பாண்டூன் படகுகள் வளர்ந்தன. இப்போது அலுமினியக் குழாய் வைக்கிறார்கள். பிறந்ததே அமைதியான ஏரிக்குத்தான். நம் ஊரில் அதற்கு ஏற்ற இடம் குளம் மட்டுமே.

இரண்டாம் படி: யார் ஏறுவார்கள், என்ன செய்வார்கள்

வீச்சுவலை போட, செவுள் வலை இழுக்க, தீவனம் தூவ நாலு பேர் நின்றுகொண்டு வேலை செய்ய வேண்டுமா? மிதவை. ஒருவர் இருவர் உட்கார்ந்து போய்த் தூண்டிலோ சின்ன வலையோ போட்டுவிட்டுச் சீக்கிரம் திரும்ப வேண்டுமா? வள்ளம். குளத்தில் இந்த வருடம், கடலில் அடுத்த வருடம் என்ற நினைப்பு உள்ளவர்களுக்கும் வள்ளம்தான். லாரியில் ஏற்றி எங்கும் கொண்டுபோகலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது, கடற்கரை ஊர்களிலிருந்து லாரியில் ஏற்றி வந்த படகுகளில்தான் எத்தனையோ குடும்பங்களைக் கரை சேர்த்தார்கள். நான் ஒட்டுப் போட்ட படகு ஒன்றும் அந்த வேலைக்குப் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் நிறைகிறது.

மிதவை என்றால்: கணக்கைப் போடுங்கள்

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் முழுதாக மூழ்கினால் 200 கிலோ தண்ணீரை விலக்கும். அதாவது, தன் எடையையும் சேர்த்து 200 கிலோவைத் தாங்கும். ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் நாலு என்று எட்டு டிரம் வைத்தால் மொத்தம் 1,600.

இதில் பாதிக்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது. படுக்கவைத்த டிரம் சரிபாதி மூழ்கியிருக்கும்போதுதான் தண்ணீர் மட்டத்தில் அதன் அகலம் அதிகம். ஆட்டம் கொடுத்தால் அந்த அகலம்தான் பிடித்து நிறுத்தும். பாதிக்கு மேல் இறங்கிவிட்டால் அகலம் குறைந்துகொண்டே போகும், பிடிமானமும் குறையும்.

மச்சானுக்குப் போட்டுக் கொடுத்த கணக்கைச் சொல்கிறேன். டிரம், இரும்புக் குழாய்ச் சட்டம், பலகை எல்லாம் சேர்த்து 300 கிலோ. நனைந்த வலை 60. மீன் 100. நாலு பேர், ஆளுக்கு 70 என்று 280. கூட்டினால் 740. பாதிக்குள் அடங்கிவிட்டது. நாலு பேரும் ஒரு பக்கத்து டிரம் வரிசை மேலே போய் நின்றால் என்ன ஆகும்? ஆள் இல்லாத பாரம் 460, அதில் பாதி 230. அதோடு 280 சேர்த்தால் அந்தப் பக்கம் 510 கிலோ. அந்தப் பக்கத்து நாலு டிரம் தாங்குவது 800. சாயும், ஆனால் நிற்கும்.

இப்போது குடும்பத்தோடு வந்தவர்கள் எட்டுப் பேர் ஏறுகிறார்கள் என்று வைப்போம். ஒரு கொக்கைப் பார்க்க எட்டுப் பேரும் ஒரே ஓரத்துக்கு வந்தால் 230 கிலோவோடு 560 கிலோ சேர்ந்து 790 ஆகிவிடும். 800க்கு 790! வரிசையைத் தாண்டி மேடை விளிம்பில் நின்றால் அதுவும் இல்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேரைப் பறிகொடுத்த விபத்தில் நடந்ததும் இதே கணக்குத்தான். விலங்கைப் பார்க்க ஆட்கள் ஒரு பக்கம் சாய்ந்தார்கள், படகின் நிலைப்பும் சரியில்லை. அதனால் "நாலு பேர்" என்று மேடையில் பெயின்டால் எழுதிவிடுங்கள். ஐந்தாவது ஆள் சின்னப் பையனாக இருந்தாலும், சொந்தக்காரராக இருந்தாலும் ஏற்ற வேண்டாம்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. பூச்சிமருந்து, அமிலம் வைத்திருந்த டிரம் வேண்டவே வேண்டாம். அது ஊர் மாடு குடிக்கும் தண்ணீர். மூடியை இறுக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, டிரம்மை அழுத்திப் பாருங்கள், குமிழி வந்தால் ஒதுக்குங்கள். ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் மூடிய காலி தண்ணீர் பாட்டில்களை வாய் கொள்ளுகிற மட்டும் திணித்துவிட்டால், கருவேலக் கட்டை குத்தினாலும் டிரம் முழுதாக மூழ்காது. நைலான் கயிறு நனைந்தால் நெகிழும். டிரம்மைக் குழாய்ச் சட்டத்துக்குள் உட்காரவைத்து, லாரிச் சரக்குக்குப் போடும் பட்டையால் இறுக்குவதுதான் நல்லது. சட்டத்தை வெல்டு வைத்து ஒரே துண்டாக்காமல் போல்ட்டில் பூட்டுங்கள். கோடையில் குளம் வற்றும்போது கழற்றிக் கொண்டுபோய் நிழலில் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் வெளுத்துச் சொரசொரப்பாகி ஒரு நாள் வெடிக்கும்.

வள்ளம் என்றால்: தட்டிப் பாருங்கள்

2004 சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்தவை, சொந்தக் காசில் வாங்கியவை என்று ஃபைபர் படகுகள் நம் கரைகளில் பெருகிவிட்டன. அதனால் பழைய படகு எப்போதும் விற்பனைக்குக் கிடைக்கும். பழையது வாங்குவது தவறில்லை, பார்த்து வாங்க வேண்டும்.

நான் பார்க்கும் முறை இது. காலை வெயில் ஏறுமுன் போவேன். புதுப் பெயின்ட் மணம் வந்தால் இரண்டு மடங்கு கவனம். ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, பின்பக்கம் வரை அரை அடிக்கு ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே போவேன். நல்ல இடத்தில் "டிக் டிக்" என்று கெட்டியாகக் கேட்கும். உள்ளே இழையும் பசையும் பிரிந்த இடத்தில் "டொப்" என்று, பழுத்த பலாப்பழத்தைத் தட்டுகிற மாதிரி கேட்கும். அங்கே சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுவேன். இரண்டு மூன்று வட்டம் இருந்தால் ஒட்டலாம். அடிப்பக்கம் முழுக்க வட்டமாகிவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

பிறகு ஆட்களை வைத்துப் படகைச் சாய்த்து அடியைப் பார்ப்பேன். மணலில் இழுத்து இழுத்து அடிக்கட்டை தேய்ந்து நார் தெரிகிறதா? கையால் தடவினால் நார் குத்தும். அங்கே தண்ணீர் ஏறியிருக்கும், படகு கனத்துப்போயிருக்கும்.

கடைசியாக, என்ஜின் மாட்டும் பின்பலகை. ஃபைபருக்கு நடுவே பலகை வைத்துத்தான் அதைச் செய்வார்கள். போல்ட் ஓட்டை வழியே தண்ணீர் இறங்கினால் பலகை உள்ளுக்குள்ளேயே மக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு போல்ட்டைக் கழற்றச் சொல்லி, ஓட்டைக்குள் கம்பியை விட்டுச் சுரண்டுங்கள். உலர்ந்த வெளிர் மரத்தூள் வந்தால் சரி. காப்பி நிறத்தில் ஈரக் கூழ் வந்தால் பலகை போய்விட்டது. நான் தொழிலுக்கு வந்த முதல் வருடம் ஒரு தரகர் சொல்லை நம்பி, இதைப் பார்க்காமல் ஒரு வள்ளம் வாங்கினேன். மூன்றாவது நாள் கடலில் என்ஜின் பின்பலகையோடு பிய்த்துக்கொண்டு போனது. கூட வந்த பெரியவர் புறப்படும்போதே என்ஜினை உட்பலகையோடு சேர்த்து ஒரு கயிறு கட்டியிருந்தார். அந்தக் கயிறுதான் என்ஜினைக் காப்பாற்றியது. இரண்டு பேரும் துடுப்புப் போட்டு மதியத்துக்கு மேல் கரைக்கு வந்தோம். அன்றிலிருந்து அந்தக் கயிறு இல்லாமல் நான் எந்த என்ஜினையும் மாட்டியதில்லை. நீங்களும் கட்டுங்கள்.

என்ஜின்

குளத்தில் என்ஜின் வேண்டாம் என்பது என் கருத்து. எண்ணெய் தண்ணீரில் கலக்கும், அமலை சுற்றும், ஆழமும் பற்றாது. தள்ளுகிற கழி ஒன்று, துடுப்பு இரண்டு போதும். கடலுக்கு நம் கரையில் பலர் 9.9 குதிரைத்திறன் வெளிப்பொருத்து என்ஜின்தான் வைத்திருக்கிறார்கள். உதிரிபாகமும் மெக்கானிக்கும் பக்கத்திலேயே கிடைப்பதற்காகவே அதை எடுக்கலாம். படகின் விலையை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். என்ஜின், வலை, உயிர்காப்பு உடுப்பு, இழுத்து ஏற்றும் கூலி எல்லாம் சேர்ந்ததுதான் விலை.

காகிதமும் ஊரும்

குளத்துக்கு: குளம் நீர்வளத்துறையுடையதா, ஊராட்சியுடையதா என்று பார்த்து, மிதவை இறக்கவும் அவர்களிடம் அனுமதி வாங்குங்கள். மீன்பாசி ஏலச் சீட்டு மீனுக்கு மட்டும்தான். ஆள் ஏற்றிக் காசு வாங்குவது முற்றிலும் வேறு தொழில், அதற்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இருக்கிறது.

கடலுக்கு: மீன்வளத்துறையில் படகைப் பதிவு செய்து, எண்ணை அணியத்தில் எழுத வேண்டும். பழைய படகு என்றால் பதிவு உங்கள் பெயருக்கு மாறிய பிறகுதான் கடைசிப் பணத்தைக் கொடுங்கள். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் (உள்ளேயே என்ஜின் வைத்த பெரிய படகுகள்) மீன்பிடிக்கக் கூடாது; அது சிறுபடகுகளுக்கான கடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் நம் பக்கத்து விசைப்படகுகளுக்குத்தான். கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடலுக்குள் போகக் கூடாது.

இதையெல்லாம் விடப் பெரியது ஊர். ஒவ்வொரு கடற்கரை ஊருக்கும் ஒரு கமிட்டி உண்டு. எந்த வலை போடலாம், எந்த நாளில் தொழிலுக்குப் போகக் கூடாது, எந்த இடத்தில் படகை ஏற்றலாம் என்பதை அவர்கள் பேசி வைத்திருப்பார்கள். கையில் காசு இருக்கிறது என்று படகைக் கொண்டுவந்து கரையில் நிறுத்திவிட முடியாது. முதலில் போய் உட்கார்ந்து பேசுங்கள். "அண்ணாச்சி, தொழில் பழகணும், உங்க கரையில இடம் தருவீங்களா?" என்று கேட்டால் முகம் திருப்புகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முதல் வருடம் அந்த ஊர் ஆள் ஒருவரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டுதான் போக வேண்டும். கச்சான் காற்று எப்போது இறங்கும், நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை எழுதிக் கற்றுக்கொடுக்க என்னால் முடியாது. காற்றே இல்லாத நாளில் தெற்கே எங்கோ கிளம்பிய பெரிய அலை திடீரென்று கரையேறும், கள்ளக்கடல் என்கிறார்கள். அன்றைக்கு எச்சரிக்கை வந்திருந்தால் படகை மேலே ஏற்றிவிட்டு வீட்டில் இருங்கள். ஒக்கி புயல் 2017 நவம்பர் கடைசியில் எத்தனை வீட்டு விளக்கை அணைத்தது என்று தெற்குக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்பின் 1093, இரண்டு எண்ணையும் படகின் உட்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

முதல் நாள்

மச்சான் மடைக்காரரிடம் கேட்டுவிட்டு வந்தார். சித்திரையில் இரண்டு அடிதான் நிற்கும், மடைப் பக்கம் மட்டும் ஆள் மட்டம். மிதவை என்று முடிவானது. ஆடிக் காற்றுக்கு ஒரு வழியும் செய்தோம்: மேல்கரையில் ஒரு கல்தூண், கீழ்க்கரையில் ஒரு தூண், நடுவே கயிறு. மிதவையில் நின்றுகொண்டு கயிற்றைக் கை மாற்றிப் பிடித்து இழுத்தே போகலாம், காற்று எங்கும் ஒதுக்காது. மறுகால் பக்கம் மட்டும் கயிறு போடவில்லை. மறுகால் பாயும் நாளில் அந்த இழுப்புக்குள் எந்தப் படகும் போகக் கூடாது.

நீங்கள் எதை வாங்கினாலும் முதல் நாள் ஆளை ஏற்றாதீர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் கயிறு கட்டி நிறுத்தி, ஆள் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றுங்கள். முதலில் நடுவில், பிறகு எல்லாவற்றையும் ஒரு ஓரத்துக்கு நகர்த்தி, ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். எங்கே ஒழுகுகிறது, எந்த போல்ட் முனகுகிறது என்று அப்போது தெரிந்துவிடும். பிறகு மூட்டைகளை நடுவுக்குக் கொண்டுவந்து, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சுற்றிலும் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு தண்ணீருக்குள் போகிற நாளில், ஒரு ஆளையோ ஒரு கூடை மீனையோ இறக்கிவிட்டுப் புறப்படுங்கள்.